ஒரு கச்சேரியும் விடாமல்

டிசம்பர் பிறந்ததும் சென்னை நாளிதழ்களின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி நீளத் தொடங்கும். எந்த சபா, எத்தனை மணிக்கு, யார் பாட்டு, யார் வயலின், யார் மிருதங்கம். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அந்தப் பக்கத்தை நாலாக மடித்துப் பேனாவால் சுழித்துக்கொண்டிருப்பவர்களைக் காபிக் கடைகளில் பார்க்கலாம். நாலு மணிக்கு நாரத கான சபா. அங்கே மெயின் முடிந்த கையோடு ஆட்டோ பிடித்தால் தி.நகர் கிருஷ்ண கான சபாவில் ஏழு மணிக் கச்சேரியின் வர்ணத்தைப் பிடித்துவிடலாம். பெரும்பாலான ரசிகர்களுக்கு சீசன் என்பது இந்தக் கணக்குதான்: எதை எடுப்பது, எதை விடுவது.

விடாமல் கேட்டால் என்ன என்று தோன்றியது. ஊரில் நடப்பதையெல்லாம் ஒரு ஆளால் கேட்க முடியாது. மார்கழி உச்சத்தில் ஒரே சாயங்காலம் பல மேடைகளில் ஒரே நேரத்தில் ஆலாபனை ஓடும். ஆகவே ஒரே சபா என்று முடிவாயிற்று. காலையில் கதவு திறப்பதிலிருந்து இரவில் மைக்கை அணைக்கும்வரை அந்த மேடையில் யார் ஏறினாலும் உட்கார்ந்து கேட்பது, பெயரைப் பார்த்து எழுந்து போவதில்லை, தனி ஆவர்த்தனத்துக்கு வெளியே போவதில்லை. சபாவின் பெயர் வேண்டாம். சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆழ்வார்பேட்டைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். 'சுயாதீன இசை விழா' என்றால் இன்று இளைஞர்களுக்கு மனத்தில் வருவது கிட்டார், திறந்தவெளி, கூடாரம். ஆனால் சென்னை சீசனைப்போல யாருக்கும் கட்டுப்படாத இசை விழா வேறு எங்கே இருக்கிறது? இதற்குத் தலைமைக் குழு கிடையாது. பொது அட்டவணை கிடையாது. ஒவ்வொரு சபாவும் தனித்தனிச் சங்கம். தனக்கென்று ஒரு செயலாளர், தனக்கென்று ஒரு கமிட்டி, பக்கத்துத் தெரு சபாவோடு தனக்கென்று ஒரு மனஸ்தாபம். யார் எப்போது தொடங்குவது, எத்தனை நாள் நடத்துவது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையை இசைக்காகச் சேர்த்ததில் இந்த ஒழுங்கில்லாத ஒழுங்குக்கும் பங்கு உண்டு.

எப்படி வந்தது என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு. அதையொட்டி ஓர் இசை மாநாடு. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி. கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விடும் நாள்கள் வக்கீல்களுக்குத் தோதாக இருந்தன. சபாக்களை நடத்தியவர்களில் வக்கீல்கள் நிறையப் பேர். மார்கழிக்கு இருக்கும் தெய்வீகத்தில் கோர்ட் விடுமுறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அகாடமிக்கும் மூத்தது. தெலுங்குக் கீர்த்தனைகளே மேடையை நிறைக்கின்றன, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வருகிறது என்ற கோபத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1943-ல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். பாரிமுனையில் அதன் மன்றத்தில் இன்றும் டிசம்பர் பிற்பகுதியில் விழா நடக்கிறது. காலையில் பண் ஆராய்ச்சி, மாலையில் கச்சேரி. மயிலாப்பூரில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

பகல் பன்னிரண்டு மணி

எல்லாவற்றையும் கேட்பது என்று தீர்மானித்தவன் முதலில் சந்திப்பது பகல் பன்னிரண்டு மணியைத்தான். சீசன் ரசிகர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த நேரத்தில் அரங்கத்தை எட்டிப் பார்த்ததே இருக்காது. டிக்கெட் கிடையாது. வாசலில் நிற்பவர் உங்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. உள்ளே ஏ.சி. போட்டிருந்தால் அது அன்றைய பாடகியின் அதிர்ஷ்டம். சில நாள் நாலு மணிக் கச்சேரிக்குத்தான் போடுவார்கள்.

அரங்கில் இருப்பவர்கள் எல்லாருமே மேடையில் இருப்பவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் வேண்டப்பட்டவர்கள். முதல் நாளே பக்கத்து இருக்கை அம்மாள் ஒருவர் கேட்டார்: "நீங்க மிருதங்கம் பையனுக்கு மாமாவா?" இல்லை என்றேன். "அப்ப வயலினா?" சும்மா கேட்க வந்தேன் என்றதை அவர் நம்பினதாகத் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். பத்திரிகைக்காரன் என்று சொல்லியிருந்தால் இன்னும் தள்ளிப் போயிருப்பார்.

இரண்டாவது வரிசையில் குரு. மடியில் கை, கையில் தாளம். பாடுகிற பெண்ணின் கண் ஸ்வரம் பாடும்போதெல்லாம் அந்தக் கைக்குத்தான் போகிறது. முக்காலியில் கேமரா வைத்துப் படம் பிடிப்பவர் அப்பா. அடுத்த வருஷ விண்ணப்பத்தோடு பதிவைக் கேட்கிற சபாக்கள் உண்டு, யூடியூபுக்கும் ஆயிற்று. சுடுதண்ணீர் பிளாஸ்க்கோடு மேடை ஓரத்தில் அம்மா. ஒன்றரை மணி நேரத்துக்குள் வர்ணம், நாலு கீர்த்தனை, அதில் ஒன்று ஆலாபனை, நிரவல், ஸ்வரத்தோடு, தனி, கடைசியில் ஒரு தில்லானா. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி பத்ததியை அப்படியே சின்ன டப்பாவில் அமுக்கி வைத்த மாதிரி. எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். எதிலும் நிற்க நேரமில்லை. தோடியை எட்டு நிமிஷத்தில் பாடி முடிப்பது வித்வத்துக்குச் சோதனை இல்லை, கடிகாரத்துக்குத்தான் சோதனை.

ஆனாலும் சொல்லவேண்டும்: அந்த சீசனில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த ஆலாபனைகளில் இரண்டு அந்தப் பகல் வேளையில்தான் கிடைத்தன. ஒன்று பைரவி. இருபது வயதைத் தாண்டாத பெண். மேல் ஸ்தாயிக்குப் போய்ச் சாதிக்க வேண்டும் என்ற பரபரப்பே இல்லாமல் கீழேயே, மந்தரத்திலேயே, நின்று நிதானமாகத் தேடினாள். கைதட்டல் வாங்குகிற பாட்டு இல்லை அது. அரங்கில் மொத்தமே ஒரு திருமண வீட்டுப் பந்தி அளவு கூட்டம். அதில் பாதிப் பேர் அடுத்த கச்சேரிக்கு வந்து காத்திருந்தவர்கள். சபா ஆள் ஒருவர் மேடை ஓரத்திலிருந்து 'ஐந்து நிமிடம்' என்று ஒரு சீட்டைத் தள்ளினார். அவள் அதைப் பார்த்துவிட்டு, தில்லானாவை விட்டுவிட்டு நேராக மங்களத்துக்கு வந்தாள். ஆறு மணிக் கச்சேரியில் இப்படிச் சீட்டு தள்ளுகிற தைரியம் எந்த சபாவுக்கும் கிடையாது.

ரவை, கல், கட்டை

நட்சத்திரக் கச்சேரிகளை மட்டும் பொறுக்கிக் கேட்கிறவர் பாடகர்களைத்தான் ஞாபகம் வைத்திருப்பார். ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டால் கண் பக்கத்துக்குப் போகிறது. பக்கவாத்தியக்காரர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே திரை போட்டிருக்கும் கால்மணி நேரத்தில் மேடைக்குப் பின்னால் நின்று ஒரு மிருதங்கக்காரரைக் கவனித்தேன். வாடகைக் காரிலிருந்து இரண்டு மிருதங்கங்கள் இறங்கின. ஒன்று உச்ச ஸ்ருதி, ஒன்று தக்கு ஸ்ருதி. பெண் குரல் ஐந்து கட்டைக்கு ஒன்று, ஆண் குரல் ஒரு கட்டைக்கு இன்னொன்று. அன்று மாலை இங்கே பெண் பாட்டு, அடுத்து தி.நகரில் ஆண் பாட்டு. இரண்டையும் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும். உறையைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா, அதில் ரவை. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் பிசைந்து, இடப்பக்கத் தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பித் தட்டிப் பார்த்தார். தொம் என்று அடிவயிற்றில் விழுந்தது. போதாதென்று இன்னும் கொஞ்சம் ரவை. பிறகு மடியில் திருப்பி வைத்து, கூழாங்கல்லாலும் சின்னக் கட்டையாலும் வலந்தலையின் விளிம்பைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தார். ஓர் இடத்தில் மேலே, ஓர் இடத்தில் கீழே. கைபேசியில் தம்பூரா ஆப் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி.; தோலுக்கு இரண்டும் ஒன்றல்ல. சேர்த்த ஸ்ருதி மூன்றாவது பாட்டுக்குள் நகர்ந்துவிடும், அப்போது மறுபடியும் கல்லை எடுக்க வேண்டும். நாம் அதை வெறும் 'டக் டக்' என்று கேட்டுவிட்டுப் பொறுமை இழக்கிறோம்.

வயலின்காரர்கள் பாடு வேறு. கர்நாடக சங்கீதத்தில் ஒத்திகை வழக்கமில்லை. பல்லவி என்றால் ஒப்பனை அறையில் ஒருமுறை தாளத்தைச் சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான். மற்றபடி எந்தப் பாட்டு வரப்போகிறது என்பது முன்வரிசைக்குத் தெரிகிற அதே நொடியில்தான் அவருக்கும் தெரியும். ஒரே வயலின் வித்வான் அந்த மேடையில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பாடகர்களுக்குத் தோடி வாசித்ததைக் கேட்டேன். முதல் நாள் பாடகர் அடுக்கடுக்காகப் பிருகா உதிர்ப்பவர். வில்லும் அப்படியே பொரிந்தது. இரண்டாம் நாள் பாடகர் காந்தாரத்தை விட்டு நகரவே மாட்டேன் என்று நின்றவர். வில்லும் கூடவே நின்றது. முதல் நாள் வாசித்த ஒரு பிடிகூட இரண்டாம் நாள் வரவில்லை. அவருக்கென்று சொந்தமாக ஒரு தோடி இல்லாமலா இருக்கும்? அதை அவர் எப்போது வாசிப்பார்? இந்தக் கேள்வி பொறுக்கிக் கேட்கிறவருக்கு வர வாய்ப்பே இல்லை.

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் இருக்கைகள் படபடவென்று மடிகிற சத்தம், எல்லா சபாவுக்கும் பொதுவான ஒரு தாளம். கேண்டீனைப் பற்றி வேண்டிய அளவு எழுதியாயிற்று. அறுசுவை நடராஜனின் பெயர் பாடகர்களின் பெயருக்குச் சமமாகப் பேசப்படுவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் போண்டா பத்து நிமிஷம் காத்திருக்கும். மிருதங்கமும் கஞ்சிராவும் ஆவர்த்தனத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, மோராவில் சேர்ந்து, கோர்வை முடிந்து, பாடகர் எடுப்பில் வந்து விழும் அந்த இடம்தான் முழுக் கச்சேரியிலும் மேடையில் இருக்கும் எல்லாரும் ஒரே மூச்சாக இருக்கிற நேரம். அதை விட்டுவிட்டு வந்தவர் துக்கடாவுக்குத் தலையாட்டுகிறார்.

இன்னொன்றும் பகலில்தான் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு மிருதங்கத்திலும் கடத்திலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகவும் வாசித்தார்கள். அதே மேடையில் ஏழு மணிக்கு அப்படி ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பல காலம் பெண் பாடகர்களுக்கு வாசிக்காமலே இருந்தவர், பின்னாளில் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். விக்கு விநாயக்ராமின் சிஷ்யை சுகன்யா ராம்கோபால் கடத்தைக் கையில் எடுத்தபோது சந்தித்த தடைகளும் வெளிப்படையாகப் பேசப்பட்டவையே. அந்தக் காலம் போய்விட்டது என்கிறார்கள். பகல் வரைக்கும் போயிருக்கிறது.

யார் கொடுக்கும் காசு

யாருக்கும் கட்டுப்படாத விழா என்று மேலே சொன்னேன். அதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது யார் என்பது ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடுகிறது.

சபா என்றால் வாடகை, மின்சாரம், மைக், அச்சடித்த அழைப்பிதழ், மாலை நேர வித்வானின் சன்மானம். டிக்கெட் வசூல் மாலைக் கச்சேரியில்தான். அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களுக்குத்தான் அரங்கு நிறைகிறது. மிச்சத்தை வங்கி, நகைக் கடை, பட்டுக் கடை விளம்பரங்கள் ஈடுகட்ட வேண்டும். விளம்பரதாரர் கேட்பதும் அதே சில பெயர்களைத்தான். ஆக, மேலே இருப்பவர்களை நம்பித்தான் பந்தல். கீழே இருக்கும் பன்னிரண்டு மணிக்கு என்ன மிஞ்சும்? பாட வந்த பெண்ணுக்குக் கவரில் வைத்துக் கொடுப்பது, வயலினும் மிருதங்கமும் வந்துபோன ஆட்டோ காசுக்குக்கூடக் கட்டாது. பக்கவாத்தியத்துக்குப் பெண்ணின் வீட்டிலிருந்துதான் கொடுக்கிறார்கள். இன்னும் ஒருபடி மேலே போய், 'நன்கொடை' என்ற பெயரில் மேடையையே விலைக்கு வாங்குகிறார்கள் என்ற பேச்சு இசை வட்டாரத்தில் வெகுகாலமாக உண்டு. அமெரிக்காவில் சங்கீதம் பெரிதாக வளர்ந்துவிட்டது. கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜர் விழா நடக்கிறது. அங்கே கற்றுக்கொண்ட பிள்ளைகள் டிசம்பர் விடுமுறைக்கு இங்கே வருகிறார்கள். அவர்களில் நன்றாகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் டாலருக்கும் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி வருகிற வீட்டின் ரூபாய்க்கும் நடுவே ஒரு பகல் நேர மேடை ஏலத்துக்கு வந்தால் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லா சபாவும் இப்படி என்று சொல்லவில்லை. அகாடமியில் ஜூனியர், சப்-சீனியர், சீனியர் என்று படிகள் உண்டு. நன்றாகப் பாடிய இளையவர்களுக்குப் பரிசு உண்டு. பகலில் பாடியவர் சில ஆண்டுகளில் மாலைக்கு ஏறுவதும் நடக்கிறது. இன்றைய முன்னணிப் பாடகர்கள் பலரும் ஒரு காலத்தில் காலி நாற்காலிகளுக்குப் பாடியவர்கள்தான். ஆனால் ஏறாமல் நின்றுபோனவர்களின் கணக்கை எந்த சபா மலரும் போடுவதில்லை. நான் கேட்ட பகல் கச்சேரிக்காரர்களில் பொறியாளர்கள் இருந்தார்கள், கணக்குத் தணிக்கை படிப்பவர்கள் இருந்தார்கள். கச்சேரி முடிந்ததும் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய ஒரு கஞ்சிராக்காரரும் இருந்தார். அரை நாள் லீவு.

காது

உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் கேட்பது அலுப்பான வேலை. முதல் வாரம் ஆர்வத்தில் ஓடிவிடும். பிறகு கல்யாணி என்று தெரிந்ததுமே மனம் 'மறுபடியுமா' என்கிறது. பெரிய ராகங்கள் என்று பாடப்படுபவை ஏழெட்டுதான்: தோடி, கல்யாணி, காம்போதி, சங்கராபரணம், பைரவி, கரஹரப்ரியா என்று அவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. புதிதாக ஏதாவது செய்கிறேன் என்று யாரும் கேள்விப்படாத ராகத்தை எடுப்பவர் சிலநேரம் அதைவிட மோசம்.

இதற்கு நடுவே ஒலிபெருக்கி. ஒவ்வொரு பாடகரும் உட்கார்ந்ததும் செய்யும் முதல் காரியம், மைக்காரரைப் பார்த்து ஆள்காட்டி விரலை மேலே தூக்குவது. அடுத்து வயலின் தூக்குகிறது. அடுத்து மிருதங்கம். அரைமணி நேரத்தில் நானூறு பேர் உட்காரும் ஏ.சி. அரங்கில் ஆயிரக்கணக்கான பேருக்குப் போதுமான சத்தம். ஒருநாள் மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுத்துக்கொண்ட ஓரிரு நிமிஷத்துக்கு மைக் செத்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. கடைசி வரிசை வரை தெளிவாகவே கேட்டது. ஜெனரேட்டர் வந்ததும் எல்லாரும் மறுபடி விரலைத் தூக்கினார்கள்.

ஆனால் திரும்பத் திரும்ப வருவதில்தான் விஷயம் இருக்கிறது என்பதும் மெல்லப் புரிந்தது. தியாகராஜரின் காம்போதிக் கீர்த்தனை 'ஓ ரங்கசாயி' நாலு நாள் இடைவெளியில் இரண்டு முறை வந்தது. இரண்டு வேறு பாடாந்தரம். ஒருவர் பல்லவியிலேயே சங்கதிகளை மாடி கட்டிக்கொண்டு போனார். மற்றவர் அங்கே சிக்கனமாக இருந்துவிட்டு, சரணத்தில் நிரவலுக்கு அவ்வளவையும் சேர்த்து வைத்திருந்தார். தனியாக ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் இரண்டுமே 'பிரமாதம்' என்ற ஒரே சொல்லில் முடிந்திருக்கும். முன்வரிசையில் நோட்டும் பென்சிலுமாக உருப்படிப் பட்டியல் எழுதும் பெரியவர்களை நான் முன்பு கேலி செய்ததுண்டு. இப்போது இல்லை. அந்த நோட்டுகளை யாராவது வாங்கிப் பாதுகாத்தால் சென்னையின் ஐம்பது ஆண்டு ரசனையை அதில் படித்துவிடலாம்.

சபாவுக்கு வெளியே

அரங்கில் இருப்பவர்கள் யார், வராதவர்கள் யார் என்ற கேள்வியும் கூடவே உட்கார்ந்திருக்கும். ஒரே அரங்கில் அத்தனை நாள் இருந்தால் அந்த முகங்கள் ஒரே வட்டாரத்து முகங்கள் என்பது கண்ணில் படாமல் போகாது. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015-ல் டிசம்பர் சீசனில் இனி பாடப்போவதில்லை என்றார். அதே ஆண்டு பெசன்ட் நகரையொட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்புக்குள், கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் ஏறின. 2020-ல் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. கானா, ஒப்பாரி, பறை, ராப் எல்லாம் மார்கழி என்ற பெயரோடு. 'மார்கழி' என்ற சொல்லை யாரும் பட்டா போட்டு வாங்கி வைத்திருக்கவில்லை என்று சொல்ல அதைவிட நேரான வழி இல்லை. பார்க்கப்போனால் மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய பஜனைக்கும் டிக்கெட் இருந்ததில்லை, செயலாளர் இருந்ததில்லை.

சபாக்கள் இவற்றைக் கண்டு பதறவும் இல்லை, பெரிதாக மாறவும் இல்லை. கொரோனா ஆண்டில் கச்சேரிகள் திரைக்குப் போயின. வீட்டில் உட்கார்ந்து எல்லா ஊர்க்காரர்களும் பார்த்தார்கள். மறுபடி அரங்குகள் திறந்ததும் பன்னிரண்டு மணிக்கு அதே காலி நாற்காலிகள்.

இந்த மார்கழியில் யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால் முழு சீசனுக்கும் உட்கார வேண்டாம். ஒரு நாள் போதும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சபாவாகப் பாருங்கள். முதுகு சாய்கிற நாற்காலி முக்கியம். மாலைக் கச்சேரிக்கு எப்படியும் டிக்கெட் எடுப்பீர்கள், அன்றைக்குப் பகலிலேயே போய்விடுங்கள். தனிக்கு எழுந்திருக்காதீர்கள். மிருதங்கப் பையனுக்கு மாமாவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்; பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் காபி கிடைக்க வாய்ப்புண்டு.